இன்காக்னிட்டோ: மாறுவேடம் இல்லை, அஞ்ஞாதம்

ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒப்புக்குறி போட்டு ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டால் அந்தச் சொல் நம் கைக்கு வந்துவிட்டது என்று சொற்பட்டியல்கள் நம்புகின்றன. குதிரை, மழை, நாற்காலி போன்றவற்றுக்கு அது போதும். 'இன்காக்னிட்டோ' என்ற சொல்லுக்கு எதிரே 'மாறுவேடத்தில்' என்று எழுதும்போதுதான் ஒப்புக்குறி நம்மைக் கைவிடுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்தவர் அடுத்த நாளே 'ஹி வோர் அன் இன்காக்னிட்டோ' என்று எழுதுவார். வேடத்தை அணியலாம் என்றால் இன்காக்னிட்டோவையும் அணியலாம்தானே என்பது அவர் கணக்கு. இன்னொருவர் 'ஹி கேம் இன் இன்காக்னிட்டோ' என்பார். 'மாறுவேடத்தில்' என்பதன் கடைசியில் நிற்கும் 'இல்' அவர் கையைப் பிடித்து 'இன்' என்று எழுத வைக்கிறது. மூன்றாமவர் பள்ளி நாடகத்தில் ராஜா வேடம் போட்ட பையனையும் இன்காக்னிட்டோ என்று சொல்லிவிடுவார். மூன்றும் பிழை. மூவரும் பட்டியலை ஒழுங்காகப் படித்தவர்கள் என்பதுதான் சங்கடம்.

இந்தச் சொல்லை மாறுவேடத்திலிருந்து பிரித்தெடுக்காமல் யாருக்கும் சொல்லித்தர முடியாது என்பது என் கட்சி. வேடம் என்பது உடம்பின் மேல் இருப்பது. இன்காக்னிட்டோ எதிரே நிற்பவரின் அறிவைப் பற்றியது. ஒரு பிரபலம் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போகிறார். பத்தடி நடப்பதற்குள் நாலு பேர் கண்டுபிடித்துச் சுற்றிக்கொள்கிறார்கள். வேடம் இன்னும் முகத்தில் இருக்கிறது, இன்காக்னிட்டோ போய்விட்டது. அதே ஆள் தன் முகத்தை அறியாத தூர தேசத்துக்குப் போய், பெயரை மட்டும் சொல்லாமல், எந்த வேடமும் இல்லாமல் தெருவில் நடக்கிறார். இப்போது வேடம் இல்லை, இன்காக்னிட்டோ இருக்கிறது. மேடையில் ராஜா வேடம் போட்ட பையனை அவன் அம்மாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அங்கே வேடம் மட்டும்தான்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு, அகராதிகள் அவற்றை விரித்துச் சொல்வதில்லை. முதலாவது, அறிந்தால் ஏதாவது மாறக்கூடிய ஆளாக அவர் இருக்க வேண்டும். யாருக்குமே தெரியாத ஒருவர் யாருக்குமே தெரியாத ஊரில் நடந்தால் அதற்கு வெறும் நடை என்று பெயர். அவர் 'ஐ ஆம் டிராவலிங் இன்காக்னிட்டோ' என்று சொன்னால் ஆங்கிலக் காதுக்கு அது தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வதாகக் கேட்கும். இரண்டாவது, நோக்கம். மறதியிலோ இருட்டிலோ அடையாளம் தெரியாமல் போனால் அது இன்காக்னிட்டோ ஆகாது. அவர் வேண்டுமென்றே தெரியாமல் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

லத்தீனில் 'இன்காக்னிட்டுஸ்' என்றால் 'அறியப்படாத'. இத்தாலிய மொழி வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் இதை அதிகம் பயன்படுத்தியவர்கள் அரசர்களும் தூதர்களும். அவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் மாறுவேடம் என்ற பொருள் இன்னும் தூரப் போகிறது.

ரஷ்யாவின் பீட்டர் அரசர் 1697இல் மேற்கு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். சுமார் 250 பேர் கொண்ட தூதுக்குழு. அதில் 'பியோத்தர் மிகைலோவ்' என்ற சாதாரண ஆளாக அவர் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அவர் உயரமோ ஏறக்குறைய இரண்டு மீட்டர். குழுவில் யார் அரசர் என்று கண்டுபிடிக்க ஒற்றன் வேண்டியதில்லை, நிமிர்ந்து பார்த்தால் போதும். கப்பல் கட்டும் தொழிலைக் கையால் கற்றுக்கொள்ள ஹாலந்தில் ஜான்டாம் என்ற ஊரில் போய் இறங்கினார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் தாங்காமல் ஒரு வாரத்துக்குள்ளேயே அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில், வெளியார் எட்டிப்பார்க்க முடியாத மதிலுக்குள், சில மாதங்கள் தச்சு வேலை செய்தார்.

எல்லோருக்கும் தெரியும் என்றால் எதற்கு இந்தப் பொய்ப் பெயர்? அரசர் அரசராகவே வந்தால் பீரங்கி மரியாதை வேண்டும், வாசலில் வரவேற்பு வேண்டும், யார் முதலில் உட்காருவது, யார் முதலில் தொப்பியைக் கழற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. செலவு ஒருபக்கம், ஒரு தவறு நடந்தால் இரண்டு நாடுகளுக்கும் மனத்தாங்கல் இன்னொருபக்கம். இன்காக்னிட்டோ என்று அறிவித்துவிட்டால் இரு தரப்பும் 'அறிந்தும் அறியாதது போல' இருந்துகொள்ளலாம். ஆகவே அது ஏமாற்று இல்லை, ஓர் ஒப்பந்தம். தமிழில் 'ஒப்புக்கு' என்று ஓர் அருமையான சொல் வைத்திருக்கிறோம். அதைத்தான் இங்கே போட வேண்டும்: ஒப்புக்கு அறியாமை.

அந்த ஒப்பந்தம் எப்படிப் பிசகும் என்பதற்கும் பீட்டரிடமே உதாரணம் இருக்கிறது. பயணத்தின் தொடக்கத்தில் குழு ரீகா நகரில் தங்கியது. அப்போது அது சுவீடன் வசம் இருந்தது. அரசர் இன்காக்னிட்டோவாக வந்திருக்கிறார் என்பதால் ஆளுநர் அவருக்கென்று தனி மரியாதை எதுவும் செய்யவில்லை. விதியைத்தான் பின்பற்றினார். பீட்டர் கோட்டை அரண்களை நோட்டம் விட்டபோது காவலர்கள் ஒரு சாதாரண அந்நியனை எப்படி விரட்டுவார்களோ அப்படியே விரட்டினார்கள். கேட்டது கிடைத்தது என்று போயிருக்கலாம். 1700இல் சுவீடன் மேல் போர் தொடுத்தபோது பீட்டர் சொன்ன காரணங்களில் ரீகாவில் நடந்த அவமதிப்பும் ஒன்று. என்னைத் தெரியாதது போல நடந்துகொள் என்பார், நிஜமாகவே தெரியாதது போல நடந்துகொண்டால் கோபம் வரும். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் இழுபறியை இதைவிட நன்றாக எந்த அகராதியும் விளக்கிவிட முடியாது.

அதற்கப்புறம் வந்தவர்கள் இதை நாசூக்காகச் செய்தார்கள். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1777இல் தன் தங்கை மேரி ஆன்டோனெட்டைப் பார்க்க பிரான்சுக்குப் போனபோது 'ஃபால்கன்ஸ்டைன் பிரபு'. சுவீடனின் மூன்றாம் குஸ்தாவ் 1783-84இல் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போனபோது 'ஹாகா பிரபு'. கவனியுங்கள், பேரரசர் யாரும் வண்டிக்காரராகப் போவதில்லை. ஒரு படி இறங்கிப் பிரபுவாகிறார், அவ்வளவுதான். மரியாதை குறைய வேண்டும், ஒரேயடியாகப் போய்விடவும் கூடாது.

ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் விஷயத்தில்தான் இது விளையாட்டாக இல்லாமல் போனது. 1898 செப்டம்பரில் ஜெனிவாவில் 'ஹோஹெனெம்ஸ் பிரபுவின் மனைவி' என்ற பட்டப்பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். அவர் யார் என்ற செய்தி வெளியாகி, பத்திரிகையிலும் வந்தது. 10ஆம் தேதி கப்பலேற நடந்து போகும்போது லுய்ஜி லூகேனி என்பவன் கூர்மையாக்கிய அரத்தால் குத்திக் கொன்றான். விடுதியின் பதிவேட்டில் பெயர் மறைந்தே இருந்தது. ஆனால் யாருக்குத் தெரியக் கூடாதோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. இன்காக்னிட்டோ என்றதும் 'யாருக்கு?' என்று கேட்க வேண்டும் என்பது இதனால்தான். அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் உட்கார வைத்தால் அது அந்தரத்தில்தான் நிற்கும்.

பதின்மூன்றாம் ஆண்டு

இவ்வளவையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடும்போது 'மறைநிலை', 'அடையாளம் மறைத்து', 'ஆளறியாமல்' என்று பலவும் வந்து போகும். எல்லாம் பக்கத்தில் வந்து நிற்கின்றன, எதுவும் பொருந்தி உட்காரவில்லை. ஆனால் சரியான சொல் தெருக்கூத்திலும் பாரதக் கதையிலும் வெகுகாலமாக நம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது: அஞ்ஞாதவாசம்.

சூதில் தோற்ற பாண்டவர்களுக்கு விதித்த நிபந்தனையை அதன் சொற்களிலேயே எண்ணிப் பாருங்கள். 12 ஆண்டு வனவாசம், 13ஆம் ஆண்டு யாரும் அறியாமல் வாழ வேண்டும், கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடியும் 12 ஆண்டு காடு. வேடம் போட வேண்டும் என்று அந்த நிபந்தனையில் எங்கும் இல்லை. யாரும் அறியக் கூடாது, அதுதான் விதி. வேடம் அதற்கு அவர்கள் கண்ட வழி. யுதிஷ்டிரன் கங்கன் ஆனான், அர்ச்சுனன் பிருகன்னளை ஆனான், திரௌபதி சைரந்திரி ஆனாள். காட்டில் இருந்தபோது அவர்கள் மறைந்திருக்கவில்லை, முனிவர்களும் உறவினரும் தேடி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விராட நகரத்திலோ அரண்மனைக்குள்ளேயே, எல்லோர் கண் முன்னாலும் நடமாடினார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. காட்டில் இருந்தது வனவாசம், அரண்மனையில் இருந்தது அஞ்ஞாதவாசம். இந்த வித்தியாசம் புரிந்தால் இன்காக்னிட்டோ புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அஞ்ஞாதம் கலைகிற விதமும் கவனிக்கத் தக்கது. பீமன் சமையலறைக்குப் போனான், நகுலன் குதிரை லாயத்துக்கு, சகாதேவன் மாட்டுத் தொழுவத்துக்கு. தனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத்தான் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள். அது வசதி, அதுவேதான் ஆபத்தும். விராடனின் சேனாபதி கீசகன் பீமன் கையால் செத்த செய்தி வெளியே போனதும் இப்படிக் கொல்லக் கூடிய கை யாருடையது என்ற சந்தேகம் அஸ்தினாபுரம் வரை போய்விடுகிறது. முகத்தை மறைத்தாலும் திறமையை மறைக்க முடியவில்லை. உடுப்பை மாற்றுவது எளிது, கை பழகிய பழக்கத்தை மாற்றுவதுதான் பாடு.

இனி சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். அஞ்ஞாதம் வடமொழிச் சொல். அ + ஞா + த. 'அ' எதிர்மறை, 'ஞா' அறிதல், 'த' முடிந்த வினையைக் காட்டும் ஈறு. மொத்தத்தில் 'அறியப்படாத'. லத்தீனின் இன்காக்னிட்டுஸையும் அப்படியே பிரிக்கலாம். 'இன்' எதிர்மறை, 'கோ' என்ற முன்னொட்டு, 'க்னி' அறிதல், 'டுஸ்' என்ற ஈறு. நடுவில் இருக்கும் 'கோ'வை மட்டும் எடுத்துவிட்டால் மற்றவை ஒன்றுக்கொன்று நேர். இது தற்செயல் இல்லை. வடமொழியின் 'ஞா', லத்தீனின் 'க்னோ', ஆங்கிலத்தின் 'நோ' மூன்றும் ஒரே மூல வேரிலிருந்து கிளைத்தவை. ஆங்கிலத்தில் 'நோ' என்ற வினைச்சொல்லுக்கு முன்னால் உச்சரிக்காத 'கே' ஒன்று நிற்கிறதே, அது அந்தப் பழைய 'க்'கின் மிச்சம். அதே போல வடமொழியின் 'அ', லத்தீனின் 'இன்', ஆங்கிலத்தின் 'அன்' மூன்றும் ஒரே எதிர்மறை. ஆக 'அன்நோன்', 'இன்காக்னிட்டோ', 'அஞ்ஞாதம்' மூன்றும் பங்காளிகள். தமிழின் 'அறி' இந்தக் குடும்பத்தில் இல்லை. நாம் வாங்கி வைத்துக்கொண்ட சொல்தான் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இத்தாலியில் 'ஜி'யும் 'என்'னும் சேர்ந்து வந்தால் அழுத்தமான 'ஞ்ஞ' ஒலி. அவர்கள் வாயில் இந்தச் சொல் 'இன்கோஞ்ஞிதோ'. பக்கத்தில் அஞ்ஞாதத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ரோமும் நாமும் தனித்தனியாக ஒலியை இழைத்து இழைத்து ஒரே 'ஞ்ஞ'வில் வந்து நின்றிருக்கிறோம்.

இந்த வேர் கையில் கிடைத்தால் ஒரு கொத்துச் சொற்கள் சேர்ந்து வரும். 'ரெகக்னைஸ்' என்றால் திரும்ப அறிதல், அதாவது அடையாளம் காணுதல். 'காக்னிஷன்' அறிதல் திறன். 'டயக்னோசிஸ்' பிரித்தறிதல், மருத்துவர் செய்வது. 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி 1869இல் உருவாக்கினார், கடவுள் உண்டா என்பதை அறிய முடியாது என்பவர். நம் பக்கம் ஞானம், விஞ்ஞானம், பிரக்ஞை. மனப்பாடத்துக்கு வேண்டியது இந்தக் கொத்து. ஒற்றைச் சொல் நழுவிப் போகும், கொத்தாகத் தொங்கினால் ஒன்றை இழுக்கும்போது மற்றது கூடவே வரும்.

வாயும் கையும்

உச்சரிப்பில் நான்கு அசைகள்: இன்-காக்-னீ-ட்டோ. அழுத்தம் மூன்றாவதில், 'னீ' நீள வேண்டும். தமிழில் 'னி' என்று குறுக்கி எழுதிப் பழகிவிட்டோம், இந்தக் கட்டுரையும் அந்த வழக்கத்தில்தான் போகிறது, பேசும்போது நீட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுத்து 'இன்-காக்-னிட்டோ' என்பதும் உண்டு, இத்தாலிய அழுத்தத்தோடு அதுதான் ஒத்துப்போகிறது, ஆனால் இன்று குறைவாகவே கேட்கும். 'காக்' என்பதன் கடைசி மெய், நாய்க்கான ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வருமே, அந்த மென்மையான ஒலி. தமிழ் நாக்கு அதை வல்லினமாக்கப் பார்க்கும். கடைசி அசையில் பிரிட்டிஷ்காரர் 'ட்டோ' என்பார், அமெரிக்கர் நாக்கைச் சும்மா தட்டிவிட்டு 'டோ' என்பார். 'பாடு' என்பதில் நாம் சொல்லும் ஒற்றை 'ட' அமெரிக்கரின் ஒலிக்கு ரொம்பப் பக்கம்.

எழுத்துகள் ஒன்பது: ஐ, என், சி, ஓ, ஜி, என், ஐ, டி, ஓ. தவறு நடக்கும் இடங்கள் மூன்று. தமிழ் 'ட்ட'வைப் பார்த்து 'டி'யை இரட்டிப்பது ஒன்று. 'ஜி'க்கு முன்னால் இன்னொரு 'என்' சேர்த்து 'இன்காங்னிட்டோ' ஆக்குவது இன்னொன்று, தொடக்கத்தில் கேட்ட மூக்கொலி அங்கே போய் ஒட்டிக்கொள்வதால் வருகிறது. 'ஜி'யையும் அடுத்த இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றிப் போடுவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மருந்து, 'ரெகக்னைஸ்' என்ற சொல்லை மேலே எழுதிவிட்டு 'சி-ஓ-ஜி-என்-ஐ' என்ற ஐந்து எழுத்துகளும் நேர் கீழே வரும்படி இதை எழுதிப் பார்ப்பது. ஐந்தும் வரிசை மாறாமல் அப்படியே பொருந்தும்.

இலக்கணம் சுருக்கம்தான், ஆனால் கறார். பெரும்பாலும் வினையடை: 'தி க்வீன் டிராவல்ட் இன்காக்னிட்டோ'. கூட வரும் வினைகள் டிராவல், கோ, ரிமெய்ன், ஸ்டே. முன்னால் 'இன்' போடக் கூடாது. 'டிஸ்கைஸ்' என்ற சொல்லுக்குத்தான் 'இன்' வேண்டும், 'இன் டிஸ்கைஸ்'. பின்னால் 'லி' ஒட்டக் கூடாது. இதையே வினையாக்கி 'இன்காக்னிட்டோட்' என்று எழுதவும் கூடாது. பெயராகவும் வரும்: 'ஹி டிராப்ட் ஹிஸ் இன்காக்னிட்டோ' என்றால் தன் அஞ்ஞாதத்தைத் தானே கலைத்தான். பெயருக்கு முன்னால் அடையாக, 'அன் இன்காக்னிட்டோ விசிட்' என்றும் எழுதலாம். பெண்ணுக்கு 'இன்காக்னிட்டா' என்ற வடிவம் உண்டு, ஆங்கிலத்தில் இன்று அதை யாரும் தேடிப் போவதில்லை. பழைய நிலப்படங்களின் 'டெர்ரா இன்காக்னிட்டா'வில், அறியப்படாத நிலம் என்ற பொருளில், அது நிலைத்துவிட்டது.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

அடையாளத்தை மறைக்கும் ஆங்கிலச் சொற்களை ஒரே மூட்டையாகக் கட்டித் தருவது வழக்கம். ஆனால் தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது, அதை வைத்துப் பிரித்தால் குழப்பமே வராது. மொட்டைக் கடிதம் எழுதியவரை இன்காக்னிட்டோ என்று சொல்ல முடியாது, அவர் 'அனானிமஸ்'. அவர் எங்கும் வந்து நிற்கவில்லை, பெயர் மட்டும் இல்லை. 'அனானிமஸ்' என்பதும் நமக்கு அந்நியம் இல்லை. கிரேக்கத்தில் பெயருக்கு 'ஒனோமா', நம்மிடம் 'நாமம்', ஒரே வேர். ஆகவே அனானிமஸ் என்றால் அநாமதேயம். அஞ்ஞாதம், அநாமதேயம் என்ற இந்த ஜோடியை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முதலாவதில் ஆள் தெரியவில்லை, இரண்டாவதில் பெயர் இல்லை.

'சூடனிம்' புனைபெயர். பெயர் இருக்கிறது, ஆனால் அது இட்டுக்கட்டியது. 'ஏலியஸ்' என்பது செய்தித்தாளில் இரண்டு பெயர்களுக்கு நடுவே வரும் 'என்கிற'. லத்தீனில் அதற்கு 'வேறொரு சமயம்' என்று பொருள். 'இம்பர்சனேஷன்' ஆள்மாறாட்டம். இதில் இன்னொரு நிஜ ஆளின் இடத்தில் போய் உட்கார வேண்டும், பரீட்சை எழுதப் போகிறவர் செய்வது. இன்காக்னிட்டோவாக இருப்பவர் யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. 'மஃப்டி' சீருடை இல்லாமல் சாதாரண உடுப்பில் இருப்பது, 'அண்டர்கவர்' பொய்யான ஓர் ஆளாகவே பல மாதம் வாழ்ந்து துப்புத் துலக்குவது. மஃப்டியில் இருக்கும் போலீஸ்காரரைக் கேட்டால் அட்டையைக் காட்டிவிடுவார், அண்டர்கவரில் இருப்பவர் உயிர் போனாலும் காட்ட மாட்டார்.

'தலைமறைவு' என்பதைத்தான் பலரும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். தலைமறைவானவர் கண்ணில் படுவதே இல்லை. இன்காக்னிட்டோவில் இருப்பவர் உங்கள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

கூட்டத்தோடு கூட்டமாகக் கலப்பது வேறொரு தந்திரம். பொற்கைப் பாண்டியன் கதை நினைவிருக்கும். இரவில் காவல் சுற்றும் அரசன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே கணவன் இருக்கிறான், மனைவி மேல் சந்தேகம் விழும். உடனே தெருவில் உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போகிறான். அவன் வேண்டுமென்றே தன்னை மறைத்துக்கொண்டது இருட்டால், அந்த ஒரு தட்டலை மறைத்தது மற்ற தட்டல்களால். முதலாவதை இன்காக்னிட்டோ என்று சொல்லலாம். இரண்டாவது அநாமதேயத்தின் வேலை. இணையத்தில் எல்லோருடைய உலாவியையும் ஒரே மாதிரித் தோன்றச் செய்யும் டோர் உலாவி இரண்டாவது வகை.

தொப்பியும் கண்ணாடியும்

இன்று இந்தச் சொல்லைப் பெரும்பாலோர் முதலில் சந்திப்பது குரோம் உலாவியில். 2008இல் குரோம் வந்தபோதே கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு தனிச் சாளரம் திறந்தது. தமிழ் இடைமுகத்தில் அது 'மறைநிலை'. மற்ற உலாவிகள் தனிப்பட்ட உலாவல் என்ற பொருளில் எளிமையாகப் பெயர் வைத்துக்கொண்டன. குரோம் மட்டும் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் போட்ட ஒரு படத்தை வைத்து, மாறுவேடம் என்ற தவறான பொருளை மறுபடியும் மண்டையில் ஏற்றிவிட்டது.

அந்தச் சாளரம் செய்வது சின்ன வேலை. அதன் எல்லாச் சாளரங்களையும் மூடியதும் பார்த்த பக்கங்களின் வரலாறு, தளங்கள் உங்களை நினைவில் வைக்கப் போட்டுவைக்கும் சிறு கோப்புகளான குக்கிகள், படிவங்களில் நிரப்பியவை மூன்றும் உங்கள் கருவியிலிருந்து போய்விடும். பதிவிறக்கிய கோப்புகளும் சேமித்த புத்தகக்குறிகளும் அப்படியே இருக்கும். இணைய இணைப்பு தருபவருக்கும், அலுவலக அல்லது கல்லூரி வலையமைப்பை நடத்துபவருக்கும், நீங்கள் போய்ப் பார்த்த தளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும். உள்ளே போய்க் கணக்கில் நுழைந்தால் பெயரும் தெரியும். அந்தச் சாளரத்தில் இருந்தவர்களின் தரவு திரட்டப்பட்டது என்று அமெரிக்காவில் 2020இல் கூகுள் மேல் தொடுத்த வழக்கு, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டதோடு 2024 ஏப்ரலில் சமரசத்துக்கு வந்தது.

'யாருக்கு?' என்ற கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள். உங்களைத் தெரியாது என்று சொல்வது உங்கள் சொந்தக் கணினி மட்டும்தான். அடுத்து அதே கணினியில் உட்காருபவருக்கு நீங்கள் அஞ்ஞாதம், வெளியே இருக்கிற அத்தனை பேருக்கும் நீங்கள் இரண்டு மீட்டர் உயர மிகைலோவ். ஒருவிதத்தில் பழைய பொருளுக்கு இது நெருக்கம்தான், ஒப்புக்கு அறியாமை. பெயர் வைத்தவர்கள் அதை யோசித்து வைத்தார்களா என்பது வேறு விஷயம்.

அட்டை எழுதும் முறை

இந்தச் சொல்லை நினைவில் நிறுத்த அட்டை எழுதுபவர்கள் முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள் என்று எழுதுவார்கள். அது பார்த்ததும் தெரிந்துகொள்ள உதவும், எழுத உதவாது. பத்து நாள் கழித்து மனசு பதில் சொல்வது சொல்லைப் பார்த்து இல்லை, அட்டையின் மூலையில் இருக்கும் கறையைப் பார்த்து. ஒரே சொல்லுக்கு நான்கு அட்டைகள் எழுதுங்கள். முதல் அட்டையில் கோடிட்ட இடம்: 'தி ஆக்டர் வென்ட் டு தி தியேட்டர் ______'. இரண்டாவதில் பொறி: 'ஹி கேம் இன் ______'. இதற்கு விடை டிஸ்கைஸ் மட்டும்தான், இன்காக்னிட்டோ என்று எழுதினால் தவறு. அந்த 'இன்'தான் சோதனை. மூன்றாவதில் நான்கு அசைகளை எழுதி, எது நீளும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் கணக்கில் சேராது.

இடைவெளிதான் முக்கியம். படித்தது முதல் ஒன்றிரண்டு நாளில்தான் வேகமாகக் கரைகிறது, பிறகு கரைவது மெதுவாகிறது. 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து காட்டியது இது. ஆகவே எழுதிய அன்று இரவு ஒரு முறை, மறுநாள் ஒரு முறை, பிறகு 3, 7, 16, 35 நாள் என்று தள்ளித் தள்ளிப் பாருங்கள். தவறினால் அந்த அட்டை மட்டும் முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும், மற்ற மூன்றையும் அதோடு இழுத்துவரத் தேவையில்லை. ஒரே நாளில் ஐந்து சொற்களுக்கு மேல் இப்படி எழுதினால் இருபது அட்டையைத் தாண்டிவிடும், இரண்டாம் வாரம் பெட்டியைத் திறக்கவே மனம் வராது.

நான்காவது அட்டைதான் எனக்குப் பிடித்தது. அதில் வெற்றிடம் கிடையாது, ஒரு சூழ்நிலை மட்டும். உதாரணமாக இப்படி. முன்பக்கம்: பெரிய நிறுவனத்தின் தலைவர் சாதாரணச் சட்டையில் தன் சொந்தக் கிளை ஒன்றுக்கு வருகிறார். அவர் வரும் செய்தி முன்னாலேயே கசிந்துவிட்டது, ஊழியர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும், தெரியாதது போலவே நடந்துகொள்கிறார்கள். அவர் இன்காக்னிட்டோவா, இல்லையா? பின்பக்கம்: ஆம். 1697ஐப் பார். காவலர் விரட்டினால் கோபித்துக்கொள்ளக் கூடாது.